அரக்கு வைத்த கூண்டு

வனத்துறை அலுவலகத்தின் பின்கட்டில், வழக்குகளில் பிடித்த பொருள்களை வைக்கிற தொண்டி அறைக்கு எது வந்தாலும் முதலில் அதற்கு அரக்கு வைக்க வேண்டும். கோடாலி வந்தால் பிடியில் துணி சுற்றி அரக்கு. மான்கொம்பு வந்தால் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு. கம்பிக் கண்ணி, வலை, நாட்டுத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். வழக்கு முடிகிற வரைக்கும் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அந்தச் சிவப்புக் கட்டிதான் அத்தாட்சி. அது உடைந்தால் வழக்கும் உடைந்தது.

இந்தப் பழக்கத்திலேயே ஊறிப்போன இலாகா, ஒரு வெள்ளிக்கிழமை ஓர் இருவாச்சியை உயிரோடு மீட்டுக்கொண்டு வந்தபோதும் கை தன்பாட்டுக்கு அரக்கைத்தான் தேடியது. பறவை பெரியது. மஞ்சள் அலகும் அதன் மேல் தொப்பி மாதிரி ஒரு மேடுமாக, கூண்டில் திரும்பக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கூண்டின் பூட்டைக் காடாத் துணியால் சுற்றி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி, ரேஞ்சர் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு போட்டோ எடுத்தார்கள். முத்திரை பளிச்சென்று விழவேண்டும் என்று ஒட்டி நின்று எடுத்ததில், பின்னால் இருந்தது பறவையா கரித்துணியா என்று சொல்லமுடியாதபடி ஒரு கறுப்புதான் விழுந்திருந்தது. முத்திரை அருமையாக வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி.

"இதுக்கு எப்படிச் சாப்பாடு வைக்கிறது?" என்று தொண்டி அறையைப் பார்த்துக்கொள்கிற கிடங்கக்கா கேட்டாள்.

"கம்பி இடுக்குல விட்டுப் பாருங்க" என்றார் ரேஞ்சர்.

தொண்டி அறையின் சாவிக்கொத்து கிடங்கக்காவின் இடுப்பில்தான் இருக்கும். அவள் புருஷன் இந்த அலுவலகத்தில் ஜீப் ஓட்டினவன். அவன் செத்தபிறகு இரக்கப்பட்டு அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். ஜன்னல் என்ற பெயரில் கூரையோரம் ஒரு ஓட்டை, எந்நேரமும் முனகுகிற ஒரு டியூப்லைட், தோல் மூட்டைகளுக்குப் போட்ட அந்துருண்டை வாசனை, இதுதான் அவளுடைய ராஜ்ஜியம். செத்த விலங்குகளின் மிச்சத்தோடு இத்தனை வருஷம் காலம்தள்ளியவளுக்கு, உயிரோடு ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை. அன்றைக்கே அந்துருண்டைகளைப் பொறுக்கி வெளியே கொட்டினாள்.

பறவை பிடிபட்டது அவளுடைய சொந்தத் தம்பியின் கடையில். காட்டிக்கொடுத்ததும் அவள்தான்.

தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். தெருவில் விசில் என்றால்தான் தெரியும். எந்தப் பறவை மாதிரியும் விசிலடிப்பான், பறவையே ஏமாந்து திரும்பிப் பார்க்கும். கடைத்தெருவில் வண்ணமீன் கடை வைத்திருந்தான். முன்பக்கம் கண்ணாடித் தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். பின்னறையில் என்ன நடக்கிறது என்பதை அக்கா கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. அவனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள் பின்னறையிலிருந்து குரைப்பது போல ஒரு குரல் கேட்டது. போய்ப் பார்த்தாள். சாக்கு போர்த்திய கூண்டு.

"விட்டுடுடா, இது பெரிய பாவம், பெரிய கேஸும்கூட" என்று கெஞ்சினாள். "நாளைக்கே விட்டுடறேன்க்கா, உன்மேல சத்தியம்" என்றான். மறுநாள் போனாள், சாக்கு அப்படியே இருந்தது. அதற்கு அடுத்தநாளும் இருந்தது. தன்மேல் செய்த சத்தியத்தின் மதிப்பு என்ன என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ரேஞ்சரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

ரேஞ்சர் வயசில் சின்னவர், நேர்மையானவர். "தகவல் சொன்னவங்க பேரு என் வாயிலேருந்து வராது அக்கா. சட்டப்படியும் வரக்கூடாது" என்று வாக்குக் கொடுத்தார். அந்த நம்பிக்கையில்தான் குற்றவாளியின் அக்காவிடமே தொண்டி அறைச் சாவியையும் விட்டுவைத்தார். வேறு ஆளும் இல்லை.

வீட்டில் அம்மா அழுது தீர்த்தாள். மகன் லாக்கப்பில் இருக்க, அம்மாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஆனால் அந்த வாய் சும்மாவும் இருக்கவில்லை.

"எவ சொன்னாளோ, அவ நாக்கு அழுகிப் போகணும். என் புள்ள பொழைக்கிறது பொறுக்காம வயிறெரிஞ்சு சொன்ன கையில சோறு தங்காது, பாத்துக்கோ" என்று மகளிடமே சொல்லிச் சாபம் கொடுத்தாள். மகள் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்வது, சாபம் கேட்டால் பசிக்காமல் இருக்கிறதா?

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. ஆனாலும் அவள் போனாள். பப்பாளியும் வாழைப்பழமும் நறுக்கி, ஒரு குச்சியில் குத்திக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள். பறவை ஒரு துண்டையும் விடவில்லை, மளமளவென்று விழுங்கியது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கூட்டிப் பெருக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் அதைக் கண்டாள்.

பறவை கூண்டின் எதிர்ப்பக்கம் நகர்ந்து, விழுங்கின பழத்தைத் தொண்டையிலிருந்து மேலே கொண்டுவந்து, அலகின் நுனியில் பிடித்துக்கொண்டு, கம்பி இடுக்கில் அலகை வெளியே நீட்டி நின்றது. யாரோ வாங்கிக்கொள்வார்கள் என்பது போல. யாரும் வாங்கவில்லை. அலகால் கம்பியில் தட்டிப் பார்த்தது. மறுபடி நீட்டியது. கடைசியில் பழத்தைக் கீழே விட்டுவிட்டு, தொண்டையிலிருந்து அடுத்த துண்டைக் கொண்டுவந்து நீட்டியது. தான் தின்பதற்காக அது விழுங்கவே இல்லை. தரையில் பழத்துண்டுகள் சேர்ந்துகொண்டே போயின. கிடங்கக்கா துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரேஞ்சரின் நாற்காலிக்குப் பின்னால், இலாகா தன் செலவிலேயே அச்சடித்த பெரிய படம் ஒன்று தொங்குகிறது. இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சேறும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனதும் இறகெல்லாம் உதிர்த்துவிடும், பறக்கவும் முடியாது. முட்டை பொரிந்து குஞ்சு தேறுகிற வரைக்கும் ஆண்பறவை பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டினால்தான் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு. 'தந்தையின் தியாகம்' என்று அதன் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் ரேஞ்சர் அதைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

அவரை வீட்டிலிருந்து வரவழைத்துக் காட்டினாள். அவரும் குனிந்து பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ இது கூட்டுக் கேஸு!" என்றார். "ரோட்டுல அடிபட்டுக் கெடந்துச்சுன்னு சொல்றான் உங்க தம்பி. கூட்டுக்குத் தீனி கொண்டுபோற பறவையப் பிடிச்சிருக்கான். கூடு வச்சிருக்கிற காலத்துல கூட்டுக்கிட்ட வச்சுப் பிடிச்சா தண்டனை ரெண்டு மடங்கு, தெரியுமில்ல?"

"கேஸு கெடக்கட்டும் சார். பொந்துல ஒருத்தி பட்டினி கெடக்கா. இத விட்டுடலாம்."

"விடுறதா?" அவர் உண்மையிலேயே திகைத்தார். "தொண்டிப் பொருளை யாராச்சும் விடுவாங்களா அக்கா? கோர்ட் உத்தரவு வேணும்."

"அப்போ வாங்குங்க."

"கோர்ட்டுக்கு லீவு விட்டாச்சு."

அதுவும் நிஜம்தான். பறவைகள் எந்த மாதத்தில் கூடு வைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சட்டம் எழுதிய புண்ணியவான்கள், நீதிபதிகள் எந்த மாதத்தில் ஊருக்குப் போவார்கள் என்று பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து தொலைத்தன. திங்கட்கிழமை ஒரு விடுமுறைக் கால மாஜிஸ்திரேட் உட்காருவார், ஜாமீன் மனு மாதிரி அவசரங்களை மட்டும் கேட்பார்.

"இது அவசரம் இல்லையா?"

"கேட்டுப் பாக்கறேன்" என்றார் ரேஞ்சர். போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "அதுக்குள்ள ஒண்ணு பண்ணுங்க. மரம் எதுன்னு உங்க தம்பிக்குத் தெரியும். கேட்டு வாங்கிடுங்க. ஏணி போட்டு நாமளே பழம் ஊட்டலாம். பெட்டையும் பொழைக்கும், கேஸும் பலமாயிடும்."

கேஸ் பலமாகும் என்ற வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம் அந்த மனுஷன். அவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவளுக்கு அதில் ஒரு மாங்காய் கூடப் பிறந்தவன்.

திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். மின்விசிறி ஓடாத தாழ்வாரத்தில் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, போகிற வருகிற கறுப்புக் கோட்டுகளையெல்லாம் கும்பிட்டாள். தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. கூடு எங்கே, மரம் எங்கே என்று தம்பியின் வக்கீல் கேட்ட கேள்விக்கு ரேஞ்சரிடம் பதில் இல்லை. பழத்தை நீட்டி நிற்கிற பறவையைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிப் பார்த்தார், கோர்ட்டில் இரண்டொருவர் சிரித்தார்கள். சரி, பறவையையாவது விடுவிக்கலாமா என்று அவர் கேட்டபோது வக்கீல் துள்ளி எழுந்தார். இது பாதுகாக்கப்பட்ட இனம்தானா என்று நிபுணர் நேரில் பார்த்துச் சொல்கிற வரைக்கும் அதை வெளியே விட்டால் தன் கட்சிக்காரருக்கு அநீதி என்றார். கோர்ட் திறந்தபிறகு மனுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் அடுத்த கேஸுக்குப் போனார். பிடித்தவனுக்கு ஜாமீன் இருந்தது. பிடிபட்டதற்கு அப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள். விசில் தொட்டிக்குள் கையை விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தான். லாக்கப்பில் மூன்று நாள் இருந்த அடையாளம் தாடியில் மட்டும்தான் இருந்தது.

"மரம் எதுடா?"

"எந்த மரம்?"

"எந்த மரத்துல பசை தடவி அதப் பிடிச்சியோ, அந்த மரம்."

"ரோட்டுல அடிபட்டுக் கெடந்துச்சுக்கா. பாவமேன்னு எடுத்துட்டு வந்து மருந்து போட்டேன்."

"என்கிட்டயுமா இந்தக் கத?"

"உன்கிட்டதான் முக்கியமா இந்தக் கத. நீ அந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்குறவ."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு, சின்ன வயசில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரலில் பேசினாள். "இங்க பாரு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ரேஞ்சருக்குக்கூடத் தெரிய வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லு. நானே போய் எப்படியாவது பழத்தக் குடுத்துட்டு வந்துடறேன். உள்ள ஒரு உசுரு காத்துக்கிட்டு இருக்குடா."

விசில் கையைத் துடைத்துக்கொண்டான். அவனும் அப்போது விளையாட்டாகப் பேசவில்லை.

"அக்கா, எனக்கு மட்டும் தெரியாதா? பொந்து அடைச்சிருக்கிறதப் பாத்துட்டுத்தான பசை வச்சேன். இவனைப் பிடிச்சு வாங்குறவருக்குக் குடுத்துட்டு, மறுநாளே போய் அவளையும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எவனோ போட்டுக் குடுத்துட்டான். இப்ப என்ன பண்ணச் சொல்ற? கூடுங்கிற வார்த்தை என் வாயில வந்தா ரெண்டு மடங்கு. கூடு இல்லைன்னா அபராதம் கட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். நீ அந்தப் பக்கம் ஏணியத் தூக்கிட்டுப் போனா உன் பின்னாடியே உன் ஆபீஸ் வராதா? கூட்டுக்கு ரெண்டு மடங்குன்னு சட்டம் போட்டவன் நானா? போட்டவனப் போய்க் கேளு."

கூட்டைக் காப்பாற்றுவதற்கென்று எவனோ யோசித்து யோசித்து எழுதின பிரிவு, அந்தக் கூடு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே வாயையும் பூட்டிவிட்டது.

"அவ்வளவு பாவமா இருந்தா" என்று விசில் மறுபடி பாசி சுரண்டப் போனான், "சாவிதான் உன் இடுப்புல இருக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். விடாமல் எழுந்து வந்துவிட்டதை நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனையோ நாள் நொந்துகொண்டாள்.

பறவை பழம் நீட்டுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு விழுங்குவதையும் நிறுத்திவிட்டது. அலகைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இறக்கை இரண்டும் தொங்க, ஒரு மூலையில் கிடந்தது. கிடங்கக்காவுக்கு எதிரில் இருந்த வழி பட்டப்பகல் மாதிரி தெளிவாக இருந்தது. கூண்டைத் திறந்தால் பொந்தில் இருப்பது பிழைக்கலாம். ஆனால் அரக்கு உடைந்து, தொண்டி காணாமல் போய், தம்பி வழக்கிலிருந்து ஜம்மென்று வெளியே வந்துவிடுவான். திறக்காவிட்டால் அவன் தண்டனை அடையலாம். பொந்தில் இருப்பது சாவது நிச்சயம். அவனுக்குத் தண்டனை கிடைக்கவேண்டும் என்று இந்த உலகத்தில் அவளைப் போல ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. அந்த ஆசைக்காகத்தானே வீட்டில் தினமும் சாபத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை காலையில் எல்லோரும் வந்து உட்கார்ந்தபிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். திருட்டுத்தனமாகச் செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். அரக்கை உடைக்க எதையாவது தேடினாள். அறையில் கோடாலிக்கும் வெட்டுக்கத்திக்கும் பஞ்சமில்லை, ஆனால் எல்லாவற்றின் மேலும் அரக்கு. கடைசியில் பூந்தொட்டி ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓங்கிப் போட்டாள். அரக்கு தெறித்தது. துணியைப் பிரித்துப் பூட்டைத் திறந்து கதவை விரித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். தோட்டக்காரன் தண்ணீர்க் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

பறவை வெளியே வரவில்லை. "போயேன், போய்த் தொலையேன்" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கூண்டைச் சாய்த்தாள். அது தட்டுத்தடுமாறி நடந்து வந்தது, மதில்மேல் தாவி உட்கார்ந்தது, ஒருதரம் உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. பிறகு பறந்தது. அவ்வளவு சத்தம் போடுகிற இறக்கையை அவள் கேட்டதில்லை. கூரைகளுக்கு மேலே ஏறி, மலை இருக்கிற பக்கமாகப் போய் மறைந்தது.

ரேஞ்சர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். உடைந்த அரக்கைப் பார்த்தார், திறந்த கூண்டைப் பார்த்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்களே சொன்னீங்க, நீங்களே விட்டுட்டீங்க. கடைசியில ரத்தம்தான் பேசிச்சு, இல்ல?"

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பெட்டை செத்துப்போயிடும்."

"இத நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? உங்க தம்பி கேஸு, உங்க கையில சாவி. என்னைக் கேட்டா நானே நம்பமாட்டேன்."

நம்பவும் இல்லை. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் அந்த ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானமே அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். குற்றவாளியின் அக்காவிடம் ஏன் சாவியைக் கொடுத்தாய் என்று மேலிடம் ரேஞ்சரைக் குடைந்தது. தகவல் சொன்னதே அந்த அக்காதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தலை தப்பியிருக்கும், அவள் தலையும் தப்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. தகவல் சொன்னவர் பெயரை வெளியே விடக் கூடாது என்பது சட்டம். அவரோ சட்டத்தை மீறாத மனுஷன். வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு எங்கோ ஒரு கோடிக்கு மாற்றலாகிப் போய்ச் சேர்ந்தார்.

கோர்ட் திறந்தது. வக்கீல் போட்டோவை மாஜிஸ்திரேட்டிடம் நீட்டி, இதில் பறவை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். முத்திரை மட்டும் அழகாகத் தெரிந்தது. காக்கையாக இருக்கலாம், கரடிக்குட்டியாகவும் இருக்கலாம் என்று வக்கீல் சொன்னபோது கோர்ட்டே சிரித்தது. முற்றத்தில் அதைப் பார்த்த அத்தனை பேரும், பறவை ஏதோ பறந்தது, இனம் தெரியாது என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தார்கள். அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். நிபுணர் நேரில் பார்க்காத பறவைக்கு ரேஞ்சர் சொல் மட்டும் போதாது என்று வழக்கு தள்ளுபடியானது.

வீட்டில் அவளுக்கு அன்று நடந்த உபசாரத்தைப் போல அவள் கல்யாணத்தன்றுகூட நடந்ததில்லை. அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "வேலையவிடக் கூடப்பொறந்தவன் பெருசுன்னு நெனச்சா பாரு. இவதான் என் வயித்துல பொறந்தவ" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதுவரை எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டுப் போனார்கள். "தம்பிக்காக இல்லைங்க, பறவைக்காக" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். "ஆமாமா, பறவைக்காகத்தான்" என்று ஒவ்வொருவரும் கண்ணைச் சிமிட்டினார்கள். கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டாள். இலாகா விசாரணை மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. கூப்பிடும்போது போய், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வருவாள்; காட்டிக்கொடுத்ததைச் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவர்களும் நம்புகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விசில் சாப்பிட வந்தான். கையைக் கழுவிவிட்டு உட்காரும்போதே முகம் பூரித்திருந்தது.

"அக்கா, உனக்கு ஒரு நல்ல சமாச்சாரம். குஞ்சு வெளிய வந்துடுச்சு."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"பெட்டை?"

"அதுவும் இருக்கு. சாவு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கும்போல. இவன் திரும்பிப் போய் ஊட்டித் தேத்திட்டான். இப்ப மூணும் ஒண்ணாச் சுத்துது. நேத்துக்கூடப் பாத்தேன்."

கிடங்கக்கா சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வேலை போனதும், ஊர் கண் சிமிட்டினதும், தன்னை நம்பாமலே போன ரேஞ்சரும், எல்லாம் அந்த ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போயின. போதும், இது போதும் என்று நினைத்தாள்.

"எங்கடா பாத்த?"

"கல் குவாரி தாண்டிப் பழைய தண்ணித்தொட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ஓடையோரமா மேல ஏறினா இடிவிழுந்த மரம் ஒண்ணு. அதுக்கு அடுத்த மரம். பொந்து கிழக்கப் பாத்து இருக்கு." அன்றைக்குக் கெஞ்சினபோது வாயைத் திறக்காதவன், இன்று பஸ் நிறுத்தம் சொல்வதுபோலச் சொன்னான். "இப்பத்தான் கேஸ் இல்லையே, சொன்னா என்ன? நல்லா ஞாபகம் வச்சுக்கோ. இந்த ஜாதி பொந்த மாத்தாதுக்கா. வருஷா வருஷம் அதே வாசல்தான். அடுத்த தடவ குடும்பமா வேணும்னு ஒருத்தர் சொல்லி வச்சிருக்காரு. எனக்கும் அவசரம் இல்ல, உள்ள போய் உக்காரட்டும்."

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நான் போய்ச் சொல்லிடுவேன்டா."

"யாருகிட்ட? புது ரேஞ்சர் உன்ன கேட்டுக்குள்ளயே விடமாட்டார். ஒருதரம் அரக்க ஒடச்சவ நீ." அவன் குரலில் கோபம் இல்லை, செல்லம்தான் இருந்தது. "போக்கா, எனக்காக இவ்வளவு பண்ணிட்டு இப்ப என்ன புதுசா?"

"உனக்காகப் பண்ணலைடா!" அவள் கத்தினாள். "உன்னைப் பிடிச்சுக் குடுத்ததே நான்தான். ரேஞ்சர் ரூமுக்குள்ள போய், கதவச் சாத்திட்டு, கடை பின்னறையில கூண்டு இருக்கு, சாக்கு போட்டு மூடியிருக்கு, போய் எடுங்கன்னு சொன்னது நான். என் வாயால சொன்னேன். கேட்டுச்சா?"

அம்மாவின் கையில் இருந்த கரண்டி நின்றது. விசில் அக்காவையே பார்த்தான். அவளும் முகத்தைத் திருப்பவில்லை. இனி எது வந்தாலும் வரட்டும், சாபமோ அடியோ, உண்மை ஒருதரம் வெளியே வந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விசில் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"அம்மா, பாத்தியா உன் பொண்ணு மூளைய! எந்த வக்கீலுக்கு இது தோணும்? தம்பியவே காட்டிக்குடுத்தவ, தம்பிக்காக எப்படிக் கூண்டத் தொறப்பா? விசாரணையில இதையே சொல்லுக்கா, இதே மாதிரி கத்திச் சொல்லு. அந்த ரேஞ்சர் ரூம், கதவச் சாத்துனது, சாக்கு எல்லாம் விடாம சொல்லு. வேலையத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகளின் தலையைத் தடவினாள்.

"அந்தப் பழிய நீ ஏன் சுமக்கணும்னுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா வேலை கிடைக்கும்னா சொல்லிக்கோ. சாட்சி வேணும்னா நானும் வரேன். இவதான் காட்டிக்குடுத்தா, என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன்" என்றபடி, மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.